தரையில் நில்லாத குதிரை

ஜொகூர் மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியைத் திருத்தி வளப்படுத்தும் நோக்குடன் 1972ஆம் ஆண்டில் கெஜோரா என்னும் வட்டார மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. காடாய்க் கிடந்த நிலம் செம்பனைக் காடாயிற்று. இடையிடையே புதிய குடியிருப்புகள் எழுந்தன. அவ்வாறு உருவான ஊர்களுள் பண்டார் தெங்காராவும் ஒன்று. ஊரைவிட்டு எத்திசை நோக்கிச் சென்றாலும் சாலையின் இருமருங்கும் செம்பனையே காணக் கிடைக்கும். ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒரே நிறம். பழைய பால்மரத் தோட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவும் அவ்வட்டாரத்தில் வாழ்ந்து வருகின்றன.

பல ஆண்டுகளுக்கு முன்னர், அப்பகுதியைச் சார்ந்த தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஓவியப்பாடம் நடந்துகொண்டிருந்தது. ‘நான் வாழும் இடம்’ என்பது அன்றைய தலைப்பு. பாடவேளை முடிந்ததும் ஆசிரியர் தாள்களைத் தொகுத்துப் பார்த்தார். ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் ஒரே காட்சிதான். இரண்டு மலைகள், நடுவே பாதிச் சூரியன், மலையடிவாரத்திலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு தென்னை, அருகில் ஓர் ஓலைக்குடிசை. அம்மாணவர்களுள் ஒருவரும் குடிசையில் வாழவில்லை. இரட்டை மலைக்கிடையே சூரியன் எழுவதை ஒருவரும் கண்டதில்லை. ஆயினும் அப்படங்கள் ‘ஒழுங்காக’ இருந்தன. ஆசிரியர் மதிப்பெண் இட்டார்.

ஒரு சிறுவனின் தாள் மட்டும் வேறுபட்டிருந்தது. தாளின் அடிப்பகுதி முழுவதும் செம்பனை மரங்களின் தலைகள். மேலே கருநீல வானம். அவ்வானத்தில் ஒரு வெண்குதிரை. குதிரைமேல் முறுக்கு மீசை வைத்த ஒருவர், கையில் அரிவாளும் வாயில் சுருட்டுமாக அமர்ந்திருந்தார். குதிரையின் நான்கு கால்களும் மரங்களுக்கு மேலே, எதிலும் ஊன்றாமல் நின்றன. ஆசிரியர் சிவப்புப் பென்சிலை எடுத்து, ‘குதிரைக்குத் தரை எங்கே?’ என்று தாளின் ஓரத்தில் எழுதினார். சிறுவன் மறுமொழி கூறவில்லை. தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஆசிரியர் கேட்டதில் தீய நோக்கம் ஏதுமில்லை. நிழலும் நிலமும் அளவும் பிழையாமல் வரையக் கற்பிக்க வேண்டும் என்றே பயிற்சிக் கல்லூரியில் அவருக்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது. அவர் மட்டுமா? ஏறத்தாழ அதே கேள்வியை, உலகின் மறுகோடியில், கற்றறிந்த கலைஞர் பலரும் ஒரு யூத ஓவியரை நோக்கிக் கேட்டிருக்கின்றனர்.

அந்த ஓவியர் மார்க் ஷகால். இன்று பெலாருஸ் நாட்டில் அடங்கியுள்ள வித்தெப்ஸ்க் என்னும் ஊர்ப்புறத்தில், 1887ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவர். தந்தையார் உப்பிட்ட மீன் வணிகர் ஒருவரிடம் பீப்பாய் சுமந்து உழைத்த கூலியாள். தாயார் சிறு மளிகைக்கடை வைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். யூதர் இன்ன பகுதியில்தான் வாழலாம் என்று ரஷ்யப் பேரரசு எல்லை வகுத்திருந்த காலம் அது. தலைநகராகிய செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஓவியம் பயிலப் போவதற்குக்கூட அவ்விளைஞருக்கு இசைவுச்சீட்டு வேண்டியிருந்தது.

சட்டத்தின் தடை ஒருபுறமிருக்க, சமயத்தின் தடை மறுபுறமிருந்தது. உருவம் சமைத்து வணங்காதே என்பது யூத வேதத்தின் கட்டளை. ஆகவே பற்றுமிக்க குடும்பங்களில் ஓவியர் தோன்றுவது அரிது. ஆயினும் அக்குடும்பம் ஹசிதியம் என்னும் பக்திநெறியைச் சார்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றிய அந்நெறி, ஆடுவதையும் பாடுவதையும் மகிழ்வதையும் இறைவழிபாடாகவே கொண்டது. மாட்டுக்கும் மரத்துக்கும் உள்ளே இறைப்பொறி உறைகிறது என்று அந்நெறியினர் நம்பினர். படம் எழுதக் கூடாத அச்சமூகத்தில் கதைக்கும் பாட்டுக்கும் கனவுக்கும் பஞ்சமே இல்லை. ஷகால் தம் தூரிகையால் தொட்டெடுத்தது அந்தச் செல்வத்தைத்தான்.

1910ஆம் ஆண்டில் அவர் பாரிஸ் சென்றார். அந்நகரில் அப்போது ஓவியத்தை முக்கோணமாகவும் சதுரமாகவும் உடைத்துப் பார்க்கும் புதுமுறை ஓங்கியிருந்தது. ஷகால் அம்முறையைக் கற்றார். ஆனால் அதனுள் தம் ஊரையே பெய்தார். 1911இல் அவர் தீட்டிய ‘நானும் சிற்றூரும்’ என்னும் ஓவியம் இன்று நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது. பச்சை முகத்து மனிதன் ஒருவனும் வெண்ணிறப் பசு ஒன்றும் நேருக்குநேர் நோக்குகின்றனர். பசுவின் கன்னத்துக்குள்ளே ஒரு பெண் பால் கறக்கிறாள். பின்னால் வீடுகள் வரிசையாக நிற்க, அவற்றுள் இரண்டு தலைகீழாகக் கிடக்கின்றன. ஒரு பெண்ணும் தலைகீழாகவே நிற்கிறாள். காண்போர் இதனைக் கனவு என்றனர். சிலர் பிதற்றல் என்றும் கூறினர்.

உண்மை என்ன? அவ்வோவியங்களில் உள்ளவற்றுள் பெரும்பகுதி அவ்வூர் மக்களின் பேச்சுவழக்கு. இதனை அறிஞர் பலர் பின்னர் விளக்கியுள்ளனர். அம்மக்களின் தாய்மொழி இத்திஷ். அம்மொழியில் பிச்சைக்காரரையும் ஊர்சுற்றி விற்பவரையும் குறிக்க, ‘அவன் வீடுகளின்மேல் நடக்கிறான்’ என்று ஒரு வழக்கு உண்டு. வீடுவீடாகப் போகிறான் என்பதே அதன் பொருள். ஷகால் 1914ஆம் ஆண்டில் ‘வித்தெப்ஸ்க்கின்மேல்’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். பனி மூடிய கூரைகளின்மேல், முதுகில் மூட்டையுடன் ஒரு கிழவர் வானில் நடந்து செல்கிறார். தாய்மார் வாயில் புழங்கிய சொல்லை அச்சொல் சொன்னபடியே அவர் எழுதிவிட்டார். அவ்வளவே.

தமிழாசிரியர்க்கு இது வியப்பைத் தராது. ‘அவன் ஏறி இறங்காத வீடில்லை’ என்று நாமும் சொல்கிறோம். எவரும் கூரைமேல் ஏறுவதாக நாம் எண்ணுவதில்லை. ஓர் ஓவியன் அச்சொல்லை அப்படியே நம்பி, வீடுவீடாக ஏறி இறங்கும் மனிதனைக் கூரைகளின்மேல் எழுதினால், அப்போது நாமும் அதனைக் கனவு என்போம்.

இன்னோர் எடுத்துக்காட்டு. ஷகால் 1912, 1913 ஆண்டுகளில் தீட்டிய தன்னுருவப் படத்தில் இடக்கையில் ஏழு விரல்கள் உள்ளன. ஒரு செயலை முழு வல்லமையோடும் செய்வதை ‘ஏழு விரலாலும் செய்தல்’ என்பது இத்திஷ் மரபு. மகிழ்ச்சி மிகுந்தவளைப் பார்த்து, ‘அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை’ என்கிறோமே, அந்நிலையை 1915இல் அவர் தீட்டிய ‘பிறந்தநாள்’ காட்டுகிறது. மணக்கவிருந்த பெல்லா என்னும் நங்கை மலர்க்கொத்துடன் அறைக்குள் வருகிறாள். ஓவியரோ தரையை விட்டெழுந்து, காற்றில் வளைந்து, கழுத்தைப் பின்புறமாகத் திருப்பி அவளை முத்தமிடுகிறார். அவர் தீட்டிய கவிஞன் ஒருவனின் பச்சைநிறத் தலை, கழுத்தின்மேல் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. ‘தலைகால் புரியவில்லை’ என்னும் நம் வழக்கை அறிந்தவர்க்கு அதற்கு உரை வேண்டுமா?

சொல் ஒருபக்கம், கண்ட காட்சி மறுபக்கம். அவருடைய பாட்டனார் ஒருவர் திருநாளன்று காணாமற்போக, வீட்டார் எங்கும் தேடினர். கடைசியில் அவர் கூரைமேல் புகைப்போக்கியருகே அமர்ந்து கேரட் கடித்துக்கொண்டிருந்தாராம். உறவினர் ஒருவர் வயலின் வாசித்தார். இவற்றை ஷகாலே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். கூரைமேல் நின்று வயலின் வாசிக்கும் கிழவர் அவருடைய படங்களில் மீண்டும் மீண்டும் வருவதன் வேர் எங்கே உள்ளது என்பதை இனி விளக்க வேண்டியதில்லை. பாட்டனார் தொழிலால் இறைச்சி வெட்டுபவர். வெட்டப்படும் பசுவின்மேல் சிறுவனாயிருந்தபோது கொண்ட இரக்கம், வானில் மிதக்கும் பசுவாயிற்று. தந்தையார் சுமந்த பீப்பாய் மீன், பின்னாளில் சிறகு முளைத்துக் கடிகாரத்தோடு ஆற்றின்மேல் பறந்தது.

இவ்வோவியங்களைப் புரிந்துகொள்ளத் தமிழர் கையில் ஒரு திறவுகோல் முன்பே இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தைத் திணையாகப் பகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளை வகுத்துக் கூறுகிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பன அவை. அகத்தில் உள்ளதை வெளிப்படக் கூறாமல், இக்கருப்பொருள்களின்மேல் ஏற்றிக் கூறுவதை உள்ளுறை என்றனர் நம் முன்னோர். குளத்தில் மேயும் எருமையும் கரும்பை முறிக்கும் யானையும் அங்கே வெறும் விலங்குகள் அல்ல. மனிதர் நெஞ்சில் உள்ளதைச் சுமக்கும் தூதர்கள்.

ஷகாலின் ஓவியங்களை இவ்வழியில் நோக்குக. தெய்வமாக இறைவாக்கினர் எலியாவும் வானதூதரும் வருகின்றனர். உணவாக உப்பிட்ட மீன். விலங்காகப் பசுவும் ஆடும். பறவையாகச் சேவல். தொழிலாக மளிகையும் இறைச்சிவெட்டும் தெருவணிகமும். யாழாக வயலின். பனிபடர்ந்த மரவீட்டுத் தெரு என்னும் ஒரு திணையை அவர் தாமே வகுத்து, அதன் கருப்பொருளால் காதலையும் பிரிவையும் பேசினார். ஷகாலின் வழியாகவே உருவகம் நவீன ஓவியத்துள் நுழைந்தது என்று, மீமெய்யியல் இயக்கத்தின் தலைவராகிய பிரெட்டன் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் அவ்வியக்கத்தார் தம்மோடு சேருமாறு முன்னர் அழைத்தபோது ஷகால் சேரவில்லை. அவர்கள் கனவை உள்மனத்தின் ஆழத்தில் தேடினர். இவரோ அதனைப் பாட்டியின் பேச்சிலும் பக்கத்துத் தெருவிலும் கண்டவர்.

இம்முயற்சி ஷகால் ஒருவரோடு நிற்கவில்லை. அன்ஸ்கி என்னும் எழுத்தாளர் 1912 முதல் 1914 வரை யூதச் சிற்றூர்களுக்குக் குழுவோடு சென்று கதை, பாடல், நம்பிக்கை, பழம்பொருள் ஆகியவற்றைத் திரட்டினார். பேய்பிடித்த மணமகளைப் பற்றிய அவருடைய நாடகமும் அத்தேட்டத்தின் விளைவே. 1916ஆம் ஆண்டில் லிஸ்ஸிட்ஸ்கி, ரிபாக் என்னும் இரண்டு இளம் ஓவியர்கள் நீப்பர் ஆற்றங்கரை ஊர்களுக்குச் சென்று, பழைய மரத் தொழுகைக்கூடங்களின் உட்கூரையில் நாட்டுப்புறக் கலைஞர் தீட்டியிருந்த சிங்கங்களையும் பறவைகளையும் செடிகொடிகளையும் படியெடுத்தனர். அதன்பின் லிஸ்ஸிட்ஸ்கி, யூதச் சிறார் பாஸ்காத் திருநாளில் பாடும் ஆட்டுக்குட்டிப் பாடலுக்குப் படம் வரைந்து 1919இல் நூலாக வெளியிட்டார். ஆட்டுக்குட்டியைப் பூனை தின்ன, பூனையை நாய் கடிக்க, நாயைக் கோல் அடிக்க என்று சங்கிலியாய் நீளும் கதை அது. தமிழகத்தில் பேராசிரியர் நா. வானமாமலை உழவர் பாடலையும் கும்மியையும் ஊர் ஊராகத் திரட்டியதை நினைவுகூர்வோர்க்கு இப்பணியின் அருமை விளங்கும்.

அவர்கள் படியெடுத்தது நற்பேறு. அத்தொழுகைக்கூடங்கள் பின்னர் அழிந்தன. தாள்களில் இருப்பதே மிச்சம்.

ஷகாலின் வானமும் எப்போதும் மகிழ்ச்சியால் நிறைந்திருக்கவில்லை. 1938ஆம் ஆண்டில், ஜெர்மனியில் யூதர்மீது நாஜிகள் வன்கொடுமை புரிந்துவந்த நாட்களில், அவர் ‘வெண்சிலுவை’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். நடுவே சிலுவையில் இயேசு. இடையில் யூதரின் வழிபாட்டுத் துகில். சுற்றிலும் தொழுகைக்கூடம் எரிகிறது. வீடுகள் கவிழ்ந்து கிடக்கின்றன. படகு நிறைய மக்கள் தப்பியோடுகின்றனர். மேலே வானில் சில முதியோர் மிதக்கின்றனர். முன்னைய படங்களில் காதலர் மிதந்த அதே வானம். இப்போது முதியோர் அழுகின்றனர். காலூன்ற நிலமில்லாதவர்க்கு வானமன்றி வேறிடம் ஏது என்று அப்படம் கேட்கிறது.

1941இல் அவர் பிரான்சிலிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்தார். அவ்வாண்டு ஜூலையில் ஜெர்மானியப் படை வித்தெப்ஸ்க்கைக் கைப்பற்றியது. அங்கே அடைத்து வைக்கப்பட்ட யூதர் அக்டோபரில் கொல்லப்பட்டனர். 1944இல் ஊர் மீட்கப்பட்டபோது பெரும்பகுதி இடிபாடாய்க் கிடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பெல்லாவும் மறைந்தார். பின்னர் ஷகால் நெடுங்காலம் வாழ்ந்தார். ஜெருசலத்துக்கும் பாரிசுக்கும் பெரும்படைப்புகளைத் தந்தார். 1985ஆம் ஆண்டு தமது 97ஆம் வயதில் காலமானார். 1973இல் சோவியத் நாட்டின் அழைப்பை ஏற்று மாஸ்கோவுக்கும் லெனின்கிராடுக்கும் சென்றார். வித்தெப்ஸ்க்குக்கு மட்டும் செல்லவில்லை. அவர் அறிந்த வித்தெப்ஸ்க் அப்போது அவருடைய திரைச்சீலைகளில்தான் இருந்தது.

இவையெல்லாம் எங்கோ பனிநாட்டுச் செய்தி என்று எண்ணற்க. இந்தியக் கரையிலும் யூதர் வாழ்ந்துள்ளனர். மும்பைக்குத் தெற்கே கொங்கணக் கடலோரத்தில் குடியேறிய பெனே இஸ்ரேல் மக்களின் தொன்மக்கதை இது: அவர்தம் முன்னோர் வந்த கப்பல் நவ்காவ் கரையருகே உடைந்தது, ஏழு ஆடவரும் ஏழு பெண்டிருமே பிழைத்தனர். அவர்கள் எண்ணெய் ஆட்டும் தொழிலை மேற்கொண்டனர். ஓய்வுநாளாகிய சனிக்கிழமையில் செக்கோட்டாததால் ‘சனிவாரத் தேலி’ என்று அண்டை அயலார் அழைத்தனர். சனிக்கிழமை வேலைசெய்யாத எண்ணெய்க்காரர் என்பது பொருள்.

நூல்களைப் பெரிதும் இழந்த நிலையிலும் அவர்கள் எலியாவை மறக்கவில்லை. எலியா நெருப்புத் தேரில் வானேறியவர் என்பது வேதக்கதை. அத்தேர் கொங்கணத்திலே ஒரு பாறையைத் தொட்டுச் சென்றது என்றும், சுவடு இன்னும் அங்கே உள்ளது என்றும் பெனே இஸ்ரேல் மக்கள் நம்புகின்றனர். நல்ல காரியம் நிறைவேறினால் எலியாவை நினைந்து ‘மலிதா’ படைக்கின்றனர். அவலும் வெல்லமோ சர்க்கரையோ, தேங்காய்த் துருவலும் பழங்களும் சேர்ந்த படையல் அது. தமிழர் வீட்டுப் பூசையறைக்கு அது அயலானதா?

அம்மரபில், மும்பையில் 1960ஆம் ஆண்டு பிறந்தவர் சியோனா பெஞ்சமின் என்னும் ஓவியர். மும்பை ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். சாரா, எஸ்தர், லிலித் முதலான யூதக் கதைப்பெண்டிரை அவர் எழுதுகிறார். ஆனால் அப்பெண்டிரின் மேனி நீலம், கண்ணனின் நீலம். முகலாய, பாரசீகச் சிற்றோவியங்களின் நுண்கோடும் பொன்னும் அவற்றில் ஒளிர்கின்றன. ஒரு படத்தில் நீலப்பெண்ணுக்குப் பல கைகள். அக்கைகள் யூதரின் கிளைவிளக்குப் போல விரிகின்றன. நீலம் வானுக்கும் கடலுக்கும் உரிய நிறம். எந்நாட்டுக்கும் உரித்தன்று, எந்நாட்டுக்கும் அயலன்று. இடம்பெயர்ந்தவளின் தோலுக்கு அதைவிடப் பொருந்தும் நிறம் வேறில்லை என்று அவ்வோவியர் கண்டார். மக்கள் பெரும்பாலோர் 1948க்குப் பின் இஸ்ரேலுக்குப் பெயர்ந்துவிட்ட ஒரு சிறு சமூகத்தின் கதை, இவ்வாறு நிறம் பெற்று நிற்கிறது.

மலேசியத் தமிழரும் கடல் கடந்தவரே. கருப்பொருளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டே வந்தனர். தமிழகத்துச் சிற்றூர் எல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைப்பது வழக்கம். இரவில் காவல் சுற்றுவதற்கு அக்குதிரை. இங்கே தோட்டத்து எல்லையில் முனியாண்டி நின்றார். பேறுகாலம் ஆனாலும் பாம்பு கடித்தாலும் அவரிடமே முறையிட்டனர். பால்மரக் காட்டில் விடியுமுன் உளி பிடித்தவர்க்கு, இருளில் துணையாய் வந்தவர் அவர். பிரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, உறுமிமேளம், தீமிதி, லயத்துத் திண்ணையில் பாட்டி கூறிய பேய்க்கதை என்று ஒரு திணைக்கு வேண்டிய அனைத்தும் அங்கே இருந்தன. ஆனால் அத்திணைக்கு இலக்கணம் எழுதியவர் இலர். ஓவியம் தீட்டியவரும் மிகச் சிலரே.

அத்திணை நம் கண்முன்னேயே கரைந்தது. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நிகழ்ந்தது. பெருந்தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட, பாட்டாளிகள் நிலைகுலைந்தனர். அதனைக் கண்டு மனம் வருந்திய துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர்ப் பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. அதற்கும் பின்னர்த் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாயின. லயங்கள் இடிந்தன. கோயில்கள் சில இடம் மாறின, சில மறைந்தன. வித்தெப்ஸ்க்குக்கு நேர்ந்த கொடுமையோடு இதனை ஒப்பிடுதல் முறையாகாது. அங்கே மக்களே அழிக்கப்பட்டனர். இங்கே மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய ஊர் மட்டும் இல்லை. அந்த ஊரை இனி எங்கே காண்பது என்னும் வினா, ஆயினும், இரண்டு இடத்துக்கும் பொதுவே.

வழி இல்லாமற் போகவில்லை. 1943இல் தமிழகத்தில் பிறந்து, சென்னை அரசினர் கவின்கலைக் கல்லூரியில் பயின்ற மலேசிய ஓவியர் சையட் தாஜுடின், 1970களின் தொடக்கத்தில் இராமாயணத்தைப் பொருளாகக் கொண்டு பேரோவியம் ஒன்றைப் படைத்தார். பின்னாளில் மலாய்ப் பழங்கதை மாந்தரும் நீண்ட விழியுடன் அவருடைய திரைச்சீலைகளில் கனவில் தோன்றுவோர்போல் உலவினர். இந்நாட்டு மண்ணிலும் கதை நிறமாகலாம் என்பதற்கு அவர் சான்று. முனியாண்டிக்கும் பிரட்டுக்களத்துக்கும் அத்தகைய தூரிகைகள் இன்னும் பல வேண்டும். அத்தூரிகையைப் பிடிக்கப்போகும் கை, இன்று ஏதோ ஒரு தமிழ்ப்பள்ளியில் வண்ணப் பென்சிலோடு அமர்ந்திருக்கக்கூடும்.

பண்டார் தெங்காராவின் அருகே நடந்த அந்த ஓவியப்பாடத்துக்கு இனித் திரும்பலாம். சில வாரங்கள் கழித்துச் சிறுவனின் பாட்டி பள்ளிக்கு வந்தார். குடும்பம் வேறிடம் பெயர்கிறது. பள்ளிமாற்றுக் கடிதம் வேண்டும். வேலை முடிந்து எழுந்தவர், வாசலில் தயங்கி நின்றார்.

“வாத்தியாரய்யா, பேரன் போட்ட குதிரைக்குத் தரை இல்லேன்னு எழுதியிருந்தீங்களாம். அவன் மேல தப்பில்லீங்க. நான் சொன்னதுதான். முன்னே பால்மரக் காட்டுல முனியாண்டி ஐயா குதிரையில சுத்தி வருவாருங்க. மரத்துக்கு மரம் வழி இருந்திச்சு. இங்கே எல்லாம் செம்பனை. மட்டையெல்லாம் முள்ளு. குதிரை எப்படிங்க உள்ளே போகும்? அதனால இப்ப ஐயா மேலாலேதான் வராருன்னு இவன்கிட்டே சொல்லி வச்சேன். ராத்திரியில பயந்துக்கிறான் பாருங்க, அதுக்காக.”

ஆசிரியரால் உடனே ஒன்றும் கூற இயலவில்லை. அந்தத் தாளை மீண்டும் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். “வீட்டைக் காலி பண்றப்போ பழைய தாளையெல்லாம் போட்டுக் கொளுத்திட்டோங்களே” என்றார் பாட்டி. பிறகு, ஆசிரியர் வருந்துவதைக் கண்டு, “அது கெடக்குதுங்க, இன்னொண்ணு வரைவான்” என்று தேற்றிவிட்டுச் சென்றார்.

சிறுவன் இன்னொன்று வரைந்தானா என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆண்டுகள் கடந்தபின், நூலகம் ஒன்றில் ஷகாலின் ஓவியத் தொகுப்பு அவர் கைக்கு வந்தது. கூரைகளின்மேல் மூட்டையோடு நடந்துசெல்லும் கிழவரின் படம் இருந்த பக்கத்தை அவர் நெடுநேரம் புரட்டவில்லை. செம்பனை வந்ததால் குதிரையின் பாதை வானுக்கு உயர்ந்தது என்னும் செய்தியில், பால்மரம் வீழ்ந்ததும், ஒரு குடும்பம் பெயர்ந்ததும், தெய்வம் கைவிடாமல் உடன் வந்ததும், அஞ்சும் பிள்ளையைப் பாட்டி தேற்றியதும் அடங்கியிருந்தன. ஒரு தாளில் ஒரு வட்டாரத்தின் வரலாறே இருந்தது. சிவப்புப் பென்சில் அதில் தரையைத் தேடியது.

அதன்பின் அவருடைய ஓவியப்பாடத்தில் ஒரேயொரு மாற்றம் நிகழ்ந்தது. மாணவர் தாளில் பொருந்தாத எதையேனும் கண்டால், மதிப்பெண் இடுமுன் அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “இது யார் சொன்ன கதை?” என்று கேட்பார். பெரும்பாலான பிள்ளைகள் சிரித்துவிட்டு, தெரியாமல் வரைந்துவிட்டதாகக் கூறுவர். எப்போதாவது ஒரு பிள்ளை, “எங்கம்மாயி சொன்னாங்க சார்” என்று தொடங்கும். அன்று பாடவேளை மணி அடித்தபின்னும் அவ்வகுப்பு கலைவதில்லை.